ஒரு கழுதை, ஒரு மறி

மார்ச் 5, சாம்பல் புதன்

எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. நேற்றுச் சாயங்காலம் வரைக்கும், இயேசு சாமி எருசலேமுக்குள் போனபோது ஒரு கழுதையையும் ஒரு வெள்ளாட்டையும் கூட்டிக்கொண்டு போனார் என்றுதான் நினைத்திருந்தேன்.

குற்றம் என் மேல் மட்டும் இல்லை. ஒவ்வொரு குருத்தோலை ஞாயிறும் எங்கள் ஜெபஞானபுரம் கோயிலில் சகரியா தீர்க்கதரிசி சொன்னதை வாசிப்பார்கள். உன் ராஜா தாழ்மையாக வருகிறார், கழுதையின்மேலும் மறியின்மேலும் ஏறி வருகிறார் என்று. எங்கள் வீட்டில் ஏழு வெள்ளாடு நிற்கிறது. கிடா என்றால் ஆண், மறி என்றால் பெட்டை. வேறு என்ன நினைப்பேன்? கழுதை சாமிக்கு, ஆடு சாமான் சுமக்க என்று நானே ஏற்பாடும் பண்ணி வைத்திருந்தேன். நடுவில் ‘கழுதைக்குட்டியாகிய’ என்று ஒரு சொல் இருக்கிறதாம். அந்த இடம் வரும்போது யார் என்ன சேலை கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நேற்றுப் பெண்கள் கூட்டத்தில் உபதேசியார் தேவபிச்சை கேட்டார்: “இயேசு ஏன் கழுதையில வந்தாரு, சொல்லுங்க பாப்போம்.”

நான் எழுந்து, “அது இருக்கட்டும் உபதேசியாரே, ஆடு எதுக்குன்னு மொதல்ல சொல்லுங்க” என்றேன்.

ஐந்து நிமிடம் கூட்டம் நடக்கவில்லை. ஞானசெல்வம் டீச்சர் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் சிரிக்காமல் வேலை பார்த்தவர். அவருக்குப் பல் இருக்கிறது என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

பிறகு லெந்து காலத்து நாற்பது நாள் விரதத்துக்கு ஆளுக்கு ஒன்றை விட வேண்டும் என்று வந்தது. ஒருத்தி காப்பி என்றாள். ஒருத்தி சீரியல் என்றாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் காட்டி, “புஷ்பம் கிண்டல விடட்டும். ஈஸ்டர் வரைக்கும்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டினவர்கள் பெயர் எல்லாம் மனதில் இருக்கிறது.

உபதேசியார் ஆளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்தார். “வாயில வாரத இதுல எழுதுங்கம்மா. ஈஸ்டர் அன்னைக்குப் பீடத்துல வையுங்க. யாரும் வாசிக்க மாட்டோம்.”

நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். பிழை இருந்தால், யாரும் வாசிக்கவில்லை என்பதால், யாரும் மன்னிக்க வேண்டாம்.

மார்ச் 6

யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. தாடை வலிக்கிறது.

மார்ச் 8

விற்கிற இட்லி மாவு ஆட்டினேன். இரண்டு ஆட்டுக்கு வயிறு சரியில்லை, வேப்பிலை கொடுத்தேன்.

இந்த வருஷம் குருத்தோலை ஊர்வலத்தில் நிஜக் கழுதை வேண்டும் என்று சபைப் போதகர், எங்கள் ஐயர், ஆசைப்பட்டிருக்கிறார். கழுதைமேல் யாரும் ஏறக் கூடாது, துணி மட்டும் விரிக்க வேண்டுமாம். இயேசுவாக உட்கார எங்கள் சபையில் ஆள் இல்லை என்று ஐயருக்கே தெரிந்திருக்கிறது. (இது கிண்டல் இல்லை. உண்மை.) கழுதை பிடிக்கும் பொறுப்பு யாருக்கு என்று கேட்டார்கள். ஆட்டைப் பற்றி அவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற எனக்குத்தானாம். சொன்னது டீச்சர்.

மார்ச் 9, ஞாயிறு

கோல்டுவின் போன் பண்ணினான். என் ஒரே மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்குப் பேசுவான், நான்கு நிமிடம். மழை உண்டா, ஆடு எப்படி, அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு. பேத்தி ரியோனாவுக்கு எட்டு மாசம். பெயரைக் கேட்டால் இருமல் மருந்து மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன், அதற்கு அவன் சிரிக்கவில்லை. படம் அனுப்புகிறான். நேரில் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் கேட்டார்: “மருமவள விசாரிச்சியா?”

“லைன் சரியில்ல” என்றேன்.

அவர் எங்கள் கோயில்குட்டியார். மணி அடிப்பது, கதவு திறப்பது, மெழுகுதிரி ஏற்றுவது எல்லாம் அவர்தான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார். அதில் இரண்டை இதற்குச் செலவழித்துவிட்டார்.

மார்ச் 11

கூட்டத்தில் சண்டை. ஆனந்தமாக இருந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச வேண்டிய தேவையே இல்லை.

டீச்சர் சொன்னார், மத்தேயு எழுதின சுவிசேஷத்தில் தாய்க்கழுதை ஒன்று, குட்டி ஒன்று, ஆக இரண்டு. அதனால் ஊர்வலத்துக்கும் இரண்டு வேண்டும். உபதேசியார் சொன்னார், மாற்கும் லூக்காவும் யோவானும் ஒன்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

“அப்போ மத்தேயு தப்பா எழுதிட்டாரா?” என்று டீச்சர் கேட்டார். உபதேசியாருக்கு நெற்றி வியர்த்தது. ஒன்றாம் வகுப்பில் அவருக்கு அ எழுதிக் கொடுத்ததே டீச்சர்தான்.

“அப்பிடி இல்ல டீச்சர். எபிரேயப் பாட்டுல ஒரு காரியத்த ரெண்டு தரம் சொல்லுவாங்க. அழகுக்கு, அழுத்தத்துக்கு. கழுதைன்னு ஒரு தரம், கழுதைக்குட்டின்னு மறுபடி ஒரு தரம். சகரியா பாத்தது ஒண்ணுதான்.”

இது எனக்கு உடனே புரிந்தது. காலையில் வீட்டுக்காரரை, “எந்திரிங்க, முழிங்க” என்கிறேன். இரண்டு ஆளா எழுந்திருக்கப் போகிறார்கள்? ஒருத்தரே எழுந்திருப்பதில்லை.

“பின்ன மத்தேயு ஏன் ரெண்டுன்னாரு?”

“மத்தேயு யூதரு, டீச்சர். சின்னதுலேருந்து தீர்க்கதரிசிங்க சொன்னதக் கேட்டு வளந்தவரு. அதுல ஒரு சொல்லுகூடக் கீழ விழுந்துறக் கூடாதுன்னு நெனைக்கறவரு.”

அந்த மத்தேயுவை எனக்குப் பிடித்துவிட்டது. சிந்தின அரிசியைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிற ஆள்.

கடைசியில் ஓட்டெடுப்பு. ஒரு கழுதை, அதுவும் குட்டி போதும் என்று முடிவானது. டீச்சர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். குடையை விட்டுவிட்டுப் போனதால் திரும்பி வந்தார். அப்போது நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததற்குப் பரலோகத்தில் எனக்குத் தனிக் கணக்கு இருக்கும்.

மார்ச் 14

இன்று கிண்டல் ஒன்றும் வரவில்லை. அதனால் பழையது ஒன்றை எழுதுகிறேன். விரதத்துக்கு முந்தினது, செல்லும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அசனம். ஊரே கோயில் மைதானத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். என் மருமகள் அபிஷா, மார்த்தாண்டத்துப் பிள்ளை, கல்யாணமாகி மூன்று மாசம். பந்தி பாதி முடிந்த பிறகு வருகிறாள். பட்டுச்சேலை. கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி. நான் சாம்பார் வாளியோடு நின்றேன். அப்படி ஒரு சந்தர்ப்பம் வந்தால் யாருக்குத்தான் சும்மா இருக்க முடியும்?

“ஏ, வழி விடுங்கடே! மகாராணி வாராவ! எல்லாரும் குருத்தோலை பிடிங்க, ஓசன்னா பாடுங்க!” என்றேன்.

நானூறு பேர் சிரித்தார்கள். யாரோ வாழை இலையைத் தூக்கி ஆட்டினார்கள். இன்றைக்கும் ஊரில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் வாழ்நாளில் அதுதான் பெரிய வெற்றி.

அவளுக்குக் கண்வலி. இரண்டு கண்ணும் சிவந்து வீங்கி, வேண்டாம் என்று கோல்டுவின் சொல்லியும், அத்தைக்குப் பரிமாற ஆள் வேண்டுமே என்று வந்தாளாம். இது அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் பெட்டியோடு வாசலில் நின்று சொன்னாள்:

“அத்தே, இனி நீங்க நெசமாவே ஓலை பிடிச்சோண்டு நின்னாத்தான் இந்த ஊருக்குள்ள நான் கால் வைப்பேன்.”

அதையும் நான் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

இப்போது எழுதிப் பார்த்தால், சொல்லும்போது இருந்த அளவு சிரிப்பு இதில் இல்லை. எனக்கு எழுத வரவில்லை போலிருக்கிறது.

மார்ச் 18

கூட்டம். சகரியா சொன்னதை அந்தக் காலத்து ஜனங்கள் எந்த நிலைமையில் கேட்டார்கள் என்று உபதேசியார் சொன்னார். பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போய், திரும்பி வந்து, இடிந்த ஊரில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சகரியா ‘ராஜா வருவார்’ என்றாராம். யூதர்கள் இன்றைக்கும் அதே வசனத்தை வாசித்துவிட்டு, இனி வரப்போகிறவருக்காகக் காத்திருக்கிறார்கள். நாம் வந்துவிட்டார் என்று வாசிக்கிறோம்.

“ஒரே வசனமா?” என்றேன்.

“ஒரே வசனம்தான். அவங்க வீட்டுலேருந்து நமக்கு வந்தது.”

ஒரே பஸ் நிறுத்தம், ஒருத்தர் பஸ் வந்துவிட்டது என்கிறார், ஒருத்தர் இன்னும் வரவில்லை என்கிறார். இரண்டு பேரும் ஒரே ரோட்டைத்தான் பார்க்கிறார்கள். காத்திருக்கிறவர்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். விரதத்துக்காகச் சொல்லவில்லை.

மார்ச் 19

தெருவில் “கழுதப்பாலேய், கழுதப்பால்” என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். பேச்சியம்மாள் என்று ஒருத்தி, என் வயசுதான் இருக்கும். ஊர் ஊராகக் கழுதையை ஓட்டிக்கொண்டு போய், கேட்கிற வீட்டு வாசலிலேயே பால் கறந்து கொடுக்கிறாள். தாய்க்கழுதை சாம்பல் நிறம். பின்னால் குட்டி, காது மட்டும் கழுதை அளவு, மீதி உடம்பு ஆட்டளவு.

பார்த்ததும் கேட்டாள்: “வீட்ல பச்சப்புள்ள இருக்காக்கா? ஒரு சங்கு குடுத்தா சளியே பிடிக்காது.”

“இல்ல” என்றேன்.

“பேரன் பேத்தி?”

“உண்டு. திருப்பூர்ல.”

“வரும்போது சொல்லி அனுப்புங்க, எங்க இருந்தாலும் வருவேன்.”

நான் கழுதைக்கு வந்தவள், பாலுக்கு இல்லை என்று சொல்ல மறந்து, கண்ணில் தூசி விழுந்ததால் வீட்டுக்குள் போய்விட்டேன். அவள் அடுத்த ஊருக்குப் போய்விட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

கோல்டுவினிடம் சொன்னேன், “ஈஸ்டருக்கு நீயும் பிள்ளையும் மட்டும் வந்து ஒரு நாள் தலையக் காட்டிட்டுப் போங்களேன்.” எட்டு மாசப் பிள்ளை பஸ்ஸில் அப்பனோடு வராதா என்ன?

லைன் துண்டாகிவிட்டது. இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.

மார்ச் 27

பேச்சியம்மாள் மறுபடி வந்தாள். ஆட்டுக் கொட்டிலில் வைத்துப் பேச்சை முடித்தேன்.

“ஏப்ரல் பதிமூணு, காலைல ஏழு மணி. குட்டி மட்டும் போதும்.”

“குட்டி மட்டுமா?”

“ஓட்டுப் போட்டு முடிவு பண்ணியாச்சு. ஒரு கழுதைதான்.”

பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். “கழுதைக்கு ஓட்டுப் போட்டீங்களா? யக்கா, இதுமேல இன்னும் ஒரு துணிகூடப் போட்டது கெடையாது. அம்மா முன்னால போனாத்தான் இது பின்னால காலெடுத்து வைக்கும். தாய விட்டுட்டுக் குட்டிய மட்டும் கேட்டா எப்பிடி வரும்? ரெண்டும் வரும், இல்ல ரெண்டும் வராது. ஒங்களுக்குத் தெரியாததா? ஆடு வளக்கீங்க!”

எனக்குத் தெரியாததா.

மாவில் உப்புப் போட மறந்துவிட்டேன். மூன்று வீட்டில் இருந்து திருப்பிக் கொண்டு வந்தார்கள்.

மார்ச் 28

ஒன்றும் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஆராதனை முடிந்து டீச்சரிடம் சொன்னேன்: “டீச்சர், ரெண்டு கழுதைதான் வருது. குட்டி தாயில்லாம நடக்காதாம். மத்தேயு சரியாத்தான் எழுதியிருக்காரு.”

டீச்சர் உபதேசியார் நிற்கிற பக்கம் திரும்பி நின்றுகொண்டு, சத்தமாக, “இன்னொரு தரம் சொல்லு” என்றார். சொன்னேன். மூன்றாம் தரமும் கேட்டார்.

உபதேசியார் சிரித்துவிட்டார். “சகரியா ஒண்ணப் பாத்தாரு, மத்தேயு ரெண்டச் சொன்னாரு, பேச்சியம்மா ரெண்டையும் கூட்டிட்டு வாரா. எல்லாரும் ஜெயிச்சாச்சு, வீட்டுக்குப் போங்க.”

கோல்டுவின் இன்று போன் பண்ணவில்லை.

ஏப்ரல் 1

கூட்டம். போன மாசம் கேட்ட கேள்விக்கு உபதேசியார் இன்றைக்குத்தான் பதில் சொன்னார், ஏன் கழுதை என்று. சண்டைக்குப் போகிற ராஜா குதிரையில் வருவான். சமாதானத்துக்கு வருகிறவர் கழுதையில் வருவார். சகரியாவும் அடுத்த வரியிலேயே குதிரையும் ரதமும் வில்லும் இல்லாமல் போகும் என்று சொல்லியிருக்கிறாராம்.

“கழுதைமேல ஏறிட்டு யாரும் பெரிய ஆளாட்டம் காட்ட முடியாது. காலு தரையில இழுபடும். அதுதான் தாழ்மை” என்றார்.

அங்கே நின்றவர்களுக்குச் சகரியா ஞாபகம் வந்ததா என்று ஒருத்தி கேட்டாள். இல்லையாம். கூடவே வந்த சீஷருக்கே அப்போது ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் முடிந்து, அவர் உயிர்த்து எழுந்த பிறகுதான், “அட, இது எழுதியிருந்ததே” என்று நினைத்தார்களாம். யோவானே அப்படி ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். எழுதிவைத்த பெரிய மனுஷர்களே இப்படி என்றால், ஆட்டைச் சேர்த்த நான் அவ்வளவு மோசம் இல்லை.

வருகிற வழியெல்லாம் யோசித்தேன். நான் இத்தனை நாளும் குதிரைமேல்தான் இருந்திருக்கிறேன். நல்ல உயரமான குதிரை. நானூறு பேர் பார்த்தார்கள்.

ஏப்ரல் 2

நாளைக்குப் போன் போடப் போகிறேன். கோல்டுவினுக்கு இல்லை. நம்பரை வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் அலமாரியில் பைபிளுக்குள்ளே இருந்து ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்தார். மனுஷன் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார், நான் கேட்பேன் என்று. கேட்டதற்கு, “மசமசன்னு நிக்காம போடு” என்றார். நாளைக்கு என்றேன்.

ஏப்ரல் 4

நேற்று எழுதினதே இரண்டு பக்கம். கை வலிக்கிறது. பேசினது ஏழு நிமிடம்தான், எழுதத்தான் ஒன்றரை மணி நேரம் ஆனது.

மாவுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோல்டுவின் பேசினான். மழை உண்டா, ஆடு எப்படி. ஈஸ்டருக்கு என்ன பண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். மார்த்தாண்டம் போகலாம் என்று இருக்கிறார்களாம், அபிஷாவின் அம்மா வீட்டுக்கு. “நல்லது, போயிட்டு வாங்க, மூணு பேரும்” என்றேன்.

குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்றான். பல் வலி என்றேன்.

ஏப்ரல் 12, சனி

நூற்றிருபது சிலுவை மடித்தோம், குருத்தோலையில். என் விரலுக்கு வரவே வராது. நான் மடித்தது எல்லாம் வெட்டுக்கிளி மாதிரி இருந்தது. டீச்சர் ஒவ்வொன்றையும் பிரித்து மறுபடி மடித்தார். “ஒனக்கு முழு ஓலைதான் சரி. தூக்கிப் பிடிச்சிட்டு நில்லு, போதும்” என்றார்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

சாவகாசமாக எழுதுகிறேன். பிள்ளை தூங்குகிறது.

ஊர்வலம் பஸ் நிறுத்தத்தில் ஆரம்பம். ஏழு மணிக்குப் பேச்சியம்மாள் இரண்டையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். குட்டிமேல் டீச்சர் கொடுத்த வெள்ளை விரிப்பு. டீச்சர் தாய்க்கழுதையின் நெற்றியைத் தடவிக்கொடுத்து, மத்தேயு பார்த்திருந்தால் சந்தோஷப்படுவார் என்று அதன் காதில் சொன்னார். நானே கேட்டேன்.

ஐயர் ஜெபம் பண்ணினார். ஓசன்னா பாட ஆரம்பித்தோம். தாய் முன்னால், குட்டி பின்னால், நாங்கள் எல்லோரும் ஓலையோடு. பத்தடி அழகாகப் போனது. பதினோராவது அடியில் டீக்கடை வாசலில் முருங்கைக் கட்டு ஒன்று சாத்தி வைத்திருந்ததைத் தாய் பார்த்துவிட்டது. அது ரோட்டைத் தாண்டிப் போக, குட்டி விரிப்போடு பின்னால் பாய்ந்தது. நடு ரோட்டுக்கு வந்ததும், எதிரே திருச்செந்தூர் பக்கமிருந்து வந்த பஸ் ஹார்ன் அடித்தது. குட்டி அங்கேயே நின்றுவிட்டது. குறுக்காக. நான்கு காலையும் ஊன்றி.

மறி வழியை மறித்துவிட்டது. இனி அந்தச் சொல்லுக்கு எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “ஏ யம்மா, ஒங்க கழுதையக் கொஞ்சம் ஓரங்கட்டச் சொல்லுங்கம்மா!”

எனக்கு வாய் வரைக்கும் ஒன்று வந்தது. நல்ல பதில். விழுங்கினேன்.

குட்டியை விரட்ட, கையில் இருந்த ஓலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன். பின்னால் கூட்டமும் ஓலையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. பாட்டை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல ஐயர் மறந்துவிட்டார். பஸ் நகராது என்று தெரிந்ததும் கண்டக்டர் கதவைத் திறந்து, “ஜெபஞானபுரம் எறங்குங்க, இங்கேயே எறங்கிக்கிடுங்க” என்றார்.

முதலில் ஒரு பெரிய பை இறங்கியது. அடுத்து கோல்டுவின். அடுத்து அபிஷா, தோளில் பிள்ளையோடு.

சாதாரண நூல் சேலை. கண்ணில் கண்ணாடி இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். தூக்கிப் பிடித்த ஓலையைப் பார்த்தாள். பின்னால் ஓசன்னா பாடுகிற முந்நூறு பேரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

நாற்பது வருஷமாக என் வாய் எனக்கு முன்னால் ஓடியிருக்கிறது. இன்றைக்கு “வா தாயி” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

“பிள்ளையக் கொஞ்சம் பிடிங்க அத்தே, செருப்பு பஸ்ல மாட்டிக்கிட்டு” என்றாள்.

பிடித்தேன். ஓலையைக் கீழே போடத் தோன்றவில்லை, அதனால் பிள்ளையையும் ஓலையையும் சேர்த்துப் பிடித்தேன். ரியோனா என் முகத்தைப் பார்த்தது, அழவில்லை, ஓலை நுனியைப் பிடித்து வாயில் வைத்தது. நல்ல பெயர்தான் ரியோனா. கூப்பிடக் கூப்பிட இருமல் மருந்து மறந்துவிடுகிறது.

பேச்சியம்மாள் முருங்கையை ஆட்டிக் காட்டி இரண்டு கழுதையையும் கோயில் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தாள். டீக்கடைக்காரர் முருங்கையைத் திருப்பிக் கேட்கவில்லை.

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சட்டென்று ஞாபகம் வந்தது. வாசலில் பெட்டியோடு நின்று அவள் சொன்னது. கஞ்சி கொஞ்சம் காலில்.

வீட்டுக்காரரிடம் ஓடினேன். “யோவ், கேட்டீரா? அவ அன்னைக்கு ஓலைன்னு சொன்னாள்ளா—”

“எனக்குப் பஸ் கதவு தொறந்தப்பமே தெரியும்” என்றார்.

“சொல்லக் கூடாதா?”

“மணியடிக்கப் போயிட்டேன்.”

ஏப்ரல் 15

பேச்சியம்மாளைச் சொல்லி அனுப்பி வரவழைத்தேன். பிள்ளைக்கு ஒரு சங்கு கழுதைப்பால். டாக்டர்மார் வேண்டாம் என்பார்கள் என்று அபிஷா சொன்னாள். சரி, நாக்கில் ஒரு சொட்டு என்று பேசி முடித்தோம். மீதியை நான் குடித்தேன். பரவாயில்லை, இனிப்பு.

கூட்டத்தில் உபதேசியாரைத் தனியாகப் பிடித்தேன். “ஒருத்தர் கோவத்துல சொன்ன சொல்லு, அவுங்களுக்கே தெரியாம, பின்னால அப்பிடியே நடந்தா அது தீர்க்கதரிசனமா?”

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. “அத நான் சொல்ல மாட்டேன்மா. சகரியா அவர் காலத்து ஜனங்களுக்கு அவர் வேதனையில, நம்பிக்கையில சொன்னாரு. இயேசுவப் பாத்தவங்க அத எடுத்து இவர்மேல விரிச்சுப் பாத்தாங்க, துணிய விரிச்ச மாதிரி. அளவு சரியா இருந்துச்சு. நாமளும் அப்பிடித்தான் இவரப் பாக்கோம்.” பிறகு, “ஒங்க காரியத்துல, கழுதைக்கு ஒரு நன்றி சொல்லிட்டு விட்டுருங்க” என்றார்.

சாயங்காலம் ஆட்டுக் கொட்டிலில் தழை போட்டுக்கொண்டிருந்தேன். அபிஷா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

“அத்தே.”

“என்னம்மா?”

“அன்னைக்கு நீங்க போன்ல சொன்னதுக்கு அப்பறம்தான் டிக்கெட் எடுக்கச் சொன்னேன். அவங்களையும் சொல்லக் கூடாதுன்னுட்டேன்.”

போனில் நான் என்ன சொன்னேன் என்பது ஏப்ரல் மூன்றாம் தேதிப் பக்கத்தில் முழுசாக இருக்கிறது. ஒரு வார்த்தை விடாமல், மத்தேயு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். இந்த நோட்டிலேயே கிண்டல் இல்லாத பக்கம் அது ஒன்றுதான். ஆண்டவர் அதை மட்டும் வாசித்தால் போதும்.

அவள் வாசல்வரைக்கும் போய்த் திரும்பினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. “அத்தே, ஓலை நல்லாப் பிடிச்சீங்க” என்றாள். “கை கொஞ்சம் எறங்கியிருந்து. அடுத்த தரம் இன்னும் ஒசத்திப் பிடிக்கணும்.”

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

ஈஸ்டருக்கு இன்னும் ஐந்து நாள். எனக்குப் பதில் சொல்ல வழியில்லை. மருமகள் கைகாரி.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயிலில் இருந்தோம், நான்கு பேரும் பிள்ளையும்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை முடிந்து வந்து, விரதத்தை முடித்தேன். சேர்த்து வைத்ததில் முதல் கிண்டல் யாருக்கு என்று யோசித்துக்கொண்டே காப்பி போட்டேன். அதற்குள் அபிஷா, “அத்தே, காப்பில உப்பு எத்தன தரம் போட்டீங்க?” என்று கேட்டுவிட்டாள். மாவு கதையை அவளிடம் யார் சொன்னது? வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தார்.

பத்து மணி ஆராதனையில் நோட்டைப் பீடத்தில் வைக்க வேண்டும். இப்போது எட்டரை. நோட்டைத் தேடினேன். கொட்டிலில் வைக்கோல்மேல் கிடந்தது. நேற்று அங்கே உட்கார்ந்து முந்தின பக்கங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிள்ளை அழுதது என்று திறந்தபடியே வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன்.

எண்ணிப் பார்த்தேன். ஒரு தாள் இல்லை.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன போச்சு?”

“ஏப்ரல் மூணு.”

“முழுசுமா?”

“முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும்.”

“எங்க?”

“மறி தின்னுட்டு.”

“எந்த மறி?”

“நம்ம மறி.”

“சரி” என்று சொல்லிவிட்டு மணியடிக்கப் போய்விட்டார்.

கிண்டல் பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. ஆடு நன்றாக இருக்கிறது.